தலையெழுத்தும் தலைக்காயமும்

நமது நாட்டில் ஒருவன் பனைமரத்திலிருந்து விழுந்தாலும் சரி, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் சரி, அடிதடியில் மண்டை உடைபட்டாலும் சரி, சுற்றி நிற்கின்ற ஜனங்களின் வாயிலிருந்து முதலில் வருகின்ற வார்த்தை "எல்லாம் தலையெழுத்து" என்பதேயாகும். அடிபட்டவன் பிழைத்துக்கொண்டால் "ஆயுசு கெட்டி" என்பார்கள். செத்துவிட்டால் "விதி முடிந்தது" என்பார்கள். பிழைத்தும் புத்தி தடுமாறிப் போனால் "போன ஜன்மத்துப் பாவம்" என்பார்கள். இந்த மூன்று பதில்களில் எதைச் சொன்னாலும், சொல்லுகின்றவனுக்கு யோசிக்க வேண்டிய வேலையும் இல்லை, செய்ய வேண்டிய காரியமும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேரலாம்.

இந்தத் தலையெழுத்து என்பது வெறும் பேச்சுக்காக ஏற்பட்ட சொல்லும் அல்ல. மயானத்தில் கிடக்கின்ற மண்டையோட்டை எடுத்துக் காட்டி, அதன்மேல் வளைந்து நெளிந்து ஓடுகின்ற கோடுகளைப் "பிரம்மா எழுதிய எழுத்து" என்று சொல்லி நம்பச் செய்வது நம் ஊர்களில் வெகுகாலமாக நடந்துவருகின்ற வழக்கமாகும். உண்மையில் அந்தக் கோடுகள் என்ன? மண்டையோடு என்பது ஒரே எலும்பு அல்ல. பல எலும்புத் தகடுகள் சேர்ந்து ஆனது. குழந்தை தாயின் வயிற்றிலிருந்து வெளியே வரும்போது தலை சற்று ஒடுங்கிக் கொடுப்பதற்கும், பிறந்த பிறகு மூளை வளர்வதற்கு இடம் விடுவதற்குமாக அந்தத் தகடுகளுக்கு மத்தியில் இடைவெளி இருக்கின்றது. உச்சிக்குழி என்று நமது தாய்மார்கள் சொல்லுவதும் அதைத்தான். வயது ஏற ஏற அந்தத் தகடுகள் ஒன்றோடொன்று பல்லுக்குப் பல் கோத்துக்கொண்டு இறுகிவிடுகின்றன. அப்படிக் கோத்த இடத்துத் தையல்தான் பிரம்மாவின் எழுத்தாம்! எழுத்தை வாசித்துக் காட்டியவன் இதுவரை ஒருவனும் இல்லை. எல்லோரும் "எழுதியிருக்கின்றது" என்று சொல்லுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

இதைப் பற்றி இப்பொழுது எழுத வேண்டிய அவசியம் என்னவென்றால், தலைக்காயத்தைப் பற்றி உலகத்தார் சமீப காலத்தில் கண்டறிந்திருக்கின்ற விஷயங்கள் மேற்படி மூன்று பதில்களையும் அடியோடு பொய்யாக்கிவிட்டன என்பதேயாகும். அடி விழுந்த அந்த ஒரு வினாடியில் ஒருவனுடைய கதி முடிவாகிவிடுவதில்லை. அந்த வினாடிக்குப் பிறகுதான் மூளைக்குள் பெரிய காரியங்கள் ஆரம்பமாகின்றன. அவை மணிக்கணக்காக, நாட்கணக்காக, சிலரிடம் வருஷக்கணக்காகவும் நடக்கின்றன. அவற்றுக்குக் காரணம் இருக்கின்றது, ஒழுங்கு இருக்கின்றது. அளந்து பார்க்க முடிகின்றது. அளந்து பார்க்கக்கூடிய ஒரு காரியத்தை விதி என்று சொல்லிக் கைகட்டி உட்கார்ந்திருப்பது மனிதத்தன்மை ஆகுமா என்பதுதான் நமது கேள்வி.

முதலாவது, காயம் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவக்கின்றது, சூடாகின்றது, வீங்குகின்றது, வலிக்கின்றது. இந்த நான்கு அடையாளங்களையும் சுமார் 2000 வருஷங்களுக்கு முன்பே ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் எழுதி வைத்திருக்கின்றார். இதைத்தான் வைத்தியர்கள் அழற்சி என்கிறார்கள். அழல் என்றால் நெருப்பு. காயம்பட்ட இடத்திற்கு அதிக இரத்தம் ஓடிவருவதும், இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் குழாயை விட்டு வெளியே வந்து கிருமியையும் செத்த சதையையும் தின்று அப்புறப்படுத்துவதும், அவற்றோடு நீர் கசிந்து வீங்குவதுமே அழற்சியாகும். ஆகவே இது நோயல்ல. உடம்பு தன்னைத் தானே செப்பனிட்டுக் கொள்ளுகின்ற வேலை. முள் தைத்த கால் வீங்கினால் இரண்டு நாள் நொண்டுவோம், மூன்றாம் நாள் சரியாகிவிடும்.

ஆனால், அதே வேலை தலைக்குள் நடந்தால் என்ன ஆகும்? கால் வீங்குவதற்கு வெளியில் இடம் இருக்கின்றது. மூளை எங்கே வீங்கும்? நாம் மேலே சொன்ன தையல்கள் இறுகிப்போன பின் மண்டையோடு ஒரு பூட்டிய பெட்டியாகும். அதற்குள் இருப்பது மூன்று சாமான்கள்: மூளை, இரத்தம், மூளையைச் சுற்றியுள்ள நீர். இவற்றில் ஒன்று பெருத்தால் மற்றொன்று குறைய வேண்டும், வேறு வழியில்லை என்று எடின்பரோவில் இருந்த அலெக்சாண்டர் மன்றோ என்னும் வைத்திய ஆசிரியர் 1783ம் வருஷத்திலேயே எழுதினார். மூளை வீங்கினால் முதலில் நீர் ஒதுங்கிக் கொடுக்கின்றது. பிறகு இரத்தக் குழாய்கள் நெரிபடுகின்றன. இரத்தம் குறைந்தால் பிராணவாயு குறைகின்றது. அது குறைந்த இடத்திலுள்ள அணுக்கள் சாகின்றன. செத்த அணுக்களை அப்புறப்படுத்த அழற்சி இன்னும் மிகுதியாகின்றது. அது மிகுந்தால் வீக்கம் மிகுதியாகின்றது. செக்கு மாடுபோல் இது சுற்றிச் சுற்றி வருகின்றது. இதைத்தான் வைத்தியர்கள் இரண்டாவது காயம் என்கிறார்கள். முதற் காயத்தைச் செய்தது கல்லோ, கட்டையோ, சாலையோ ஆகும். இரண்டாவது காயத்தைச் செய்வது தலைக்குள் நடக்கின்ற காரியங்களேயாகும். முதலாவதைத் தடுப்பதற்கு ஹெல்மெட் முதலியவை இருக்கின்றனவே ஒழிய, அடி விழுந்த பிறகு அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள யாராலும் முடியாது. ஆனால் இரண்டாவது காயம் நம் கண் முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில், நேரம் கொடுத்து நடக்கின்றது. மனித முயற்சிக்கு இடம் இருப்பது இங்கேதான்.

இந்த அழற்சியை மூளைக்குள் நடத்துகின்றவர்கள் யார்? மூளையில் நினைக்கின்ற நரம்பணுக்கள் மாத்திரம் இருக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. மைக்ரோக்ளியா என்னும் மிக நுண்ணிய அணுக்கள் மூளை முழுவதும் காவற்காரர்களைப் போலப் பரவி நிற்கின்றன. இவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டிப் பேர் வைத்தவர் ஸ்பெயின் தேசத்து ரியோ ஓர்த்தேகா என்பவர், 1919ம் வருஷத்தில். காயமில்லாத மூளையில் இவை சும்மா இருக்கின்றன என்றே வெகுநாள் வரையில் எண்ணியிருந்தார்கள். 2005ம் வருஷத்தில் உயிருள்ள எலியின் மூளையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, இவை தங்கள் கைகளை ஓயாமல் நீட்டியும் மடக்கியும் நாலா பக்கமும் துழாவிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒரு நுண்ணிய காயம் செய்தால் சில நிமிஷங்களுக்குள் எல்லாக் கைகளும் அந்த இடத்தை நோக்கித் திரும்பின. அடிபட்டு உடைந்த அணுக்களிலிருந்து சிந்துகின்ற பொருள்களே இவற்றுக்கு அபாய மணியாகும். மணி கேட்டவுடன் இவை சில இரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றைக் கேட்டு இரத்தத்திலிருந்து மற்றப் படைகளும் வந்து சேருகின்றன.

இதெல்லாம் எலியில் தானே, மனிதனில் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆஸ்பத்திரியில், தலையில் பலத்த அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பவர்களின் மூளைக்குள் மயிரிழை போன்ற ஒரு குழாயை வைத்து, அங்குள்ள நீரைச் சிறிது சிறிதாக எடுத்துச் சோதிக்கிறார்கள். 2011ம் வருஷத்தில் வெளிவந்த அவர்களுடைய ஆராய்ச்சியில், 12 நோயாளிகளிடம், அழற்சியைத் தூண்டவும் அடக்கவும் செய்கின்ற 42 வகைப் பொருள்களை அளந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு காலத்தில் ஏறி இறங்குகின்றது என்பதும், அவற்றில் பல இரத்தத்தில் இருப்பதைவிட மூளையில் அதிகமாக இருக்கின்றன, அதாவது மூளையே அவற்றை உண்டாக்குகின்றது என்பதும் அதில் தெரிந்தன. பிரம்மா எழுதிய எழுத்தை ஒருவரும் வாசிக்கவில்லை. ஆனால் மண்டைக்குள் மணிக்கு மணி நடக்கின்ற சங்கதியை மனிதன் இவ்வளவு தூரம் வாசித்துவிட்டான்.

நிற்க, இனி நாம் சொல்லப்போவதுதான் நமது வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியதாகும். அழற்சியை அடக்கினால் வீக்கம் அடங்கும், வீக்கம் அடங்கினால் உயிர் பிழைக்கும் என்பது கேட்பதற்கு வெகு நியாயமாக இருக்கின்றதல்லவா? அழற்சியை அடக்கவல்ல ஸ்டிராய்டு என்னும் மருந்தும் வைத்தியர்களிடம் இருந்தது. ஆகவே உலகத்தின் பல பாகங்களிலும் 30 வருஷங்களுக்கு மேலாகத் தலையில் அடிபட்டவர்களுக்கு அதைக் கொடுத்துவந்தார்கள். கொடுத்தவர்கள் படித்தவர்கள், கொடுக்கச் சொன்னவர்கள் அவர்களைவிடப் படித்தவர்கள். "ஆசிரியர் செய்தார், நாமும் செய்கிறோம்" என்பதைத் தவிர வேறு உறுதியான ருஜு கிடையாது. சாஸ்திரம் என்பது கோவிலில்தான் உண்டாக வேண்டும் என்பதில்லை. ஆஸ்பத்திரியிலும் உண்டாகும் என்பதற்கு இது ஒரு உதாரணமாகும்.

ஆனால் வித்தியாசம் எங்கே என்றால், அந்த வைத்தியர்களுக்குள்ளேயே சிலர் "இது உண்மைதானா?" என்று கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல் ஒரு பெரிய பரீட்சையும் நடத்தினார்கள். கிராஷ் பரீட்சை என்பது அதன் பெயர். லண்டனிலிருந்து நடத்தப்பட்டது. 49 தேசங்களில் 239 ஆஸ்பத்திரிகள் சேர்ந்தன. அடிபட்டு 8 மணி நேரத்துக்குள் வந்த பெரியவர்களில், யாருக்கு ஸ்டிராய்டு, யாருக்கு அதைப்போலவே இருக்கின்ற வெறும் மருந்து என்பதைத் திருவுளச் சீட்டுப் போடுவதுபோல் எண்களைக் கொண்டு தீர்மானித்தார்கள். கொடுக்கின்ற வைத்தியருக்கும் தெரியாது, வாங்குகின்ற நோயாளிக்கும் தெரியாது. 20,000 பேரைச் சேர்ப்பதாக இருந்தது. 10,008 பேர் ஆனவுடன் 2004ம் வருஷம் மே மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். ஏன்? இரண்டு வாரத்துக்குள் செத்தவர்கள், வெறும் மருந்து வாங்கியவர்களில் நூற்றுக்கு 17.9 பேர், ஸ்டிராய்டு வாங்கியவர்களில் நூற்றுக்கு 21.1 பேர். அதாவது உயிர் காக்கும் என்று நம்பிக் கொடுத்த மருந்து, ஆயிரத்துக்கு முப்பது பேருக்கு மேல் அதிகமாகச் சாகடித்தது! அதன் பிறகே தலைக்காயத்துக்கு அந்த மருந்தைக் கொடுக்கும் வழக்கம் ஒழிந்தது.

தோழர்களே! இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? "பார்த்தீர்களா, வைத்தியர்களே தப்புச் செய்திருக்கிறார்கள். ஆகையால் எல்லாம் ஆண்டவன் செயல்" என்று நமது வைதீக நண்பர்கள் சொல்ல வருவார்கள். நாம் அவர்களைக் கேட்பது ஒன்றே. 10,008 பேரைக் கணக்கெடுத்து, "எங்கள் கையால் கொடுத்தது ஆளைக் கொல்லுகின்றது, இனிக் கொடுக்காதீர்கள்" என்று அச்சுப் போட்டு உலகத்துக்கெல்லாம் அறிவித்த பூசாரி ஒருவனைக் காட்டட்டும். மந்திரித்த தாயத்துக் கட்டியவர்கள் எத்தனை பேர், கட்டாதவர்கள் எத்தனை பேர், பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு ஜோசியனாவது கணக்கு வைத்திருக்கின்றானா? பலித்தால் மந்திரத்தின் மகிமை, பலிக்காவிட்டால் உன் பக்தி போதாது என்பதல்லவா அவர்கள் வைத்திருக்கின்ற கணக்கு? தப்பு வராதது அறிவு அல்ல. தப்பைக் கண்டுபிடிக்க வழி வைத்திருப்பதே அறிவு. தங்களுடைய சொந்த நம்பிக்கையைத் தாங்களே பரீட்சைக்கு இழுத்து, தோற்றுப்போனதை ஒப்புக்கொண்ட அந்த வைத்தியர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது மருந்தைவிட அந்தக் குணத்தைத்தான்.

இவ்விதப் பரீட்சைகள் அத்தோடு நிற்கவில்லை. புரொஜெஸ்டரோன் என்னும் பொருள் எலிகளிடம் வீக்கத்தையும் அழற்சியையும் குறைக்கின்றது என்று கண்டு மிகுந்த நம்பிக்கையோடு இருந்தார்கள். 882 பேரிடம் ஒன்றும் 1,195 பேரிடம் மற்றொன்றுமாக இரண்டு பெரிய பரீட்சைகள் நடத்தினார்கள். பயனில்லை என்று 2014ம் வருஷத்தில் இரண்டையும் ஒரே சமயத்தில் வெளியிட்டார்கள். பெட்டிதானே பூட்டிக்கிடக்கின்றது, பெட்டியைத் திறந்துவிட்டால் என்ன என்று, வீக்கம் எதற்கும் அடங்காதவர்களுக்கு மண்டையோட்டின் ஒரு பாகத்தை வெட்டி எடுத்து மூளைக்கு இடம் கொடுத்தும் பார்த்தார்கள். 408 பேரிடம் நடந்த அந்தப் பரீட்சையின் முடிவு 2016ம் வருஷத்தில் வந்தது. ஆறு மாதத்தில் செத்தவர்கள், ஓட்டை வெட்டாமல் வைத்தியம் செய்தவர்களில் நூற்றுக்கு 48.9, வெட்டியவர்களில் 26.9. ஆனால் உயிர் மாத்திரம் இருந்து, உணர்வே இல்லாமல் கிடந்தவர்கள் முன்னவர்களில் 2.1, பின்னவர்களில் 8.5. இந்த இரண்டு கணக்கையும் மறைக்காமல் ஒரே தாளில் எழுதிவைத்திருக்கிறார்கள். குடும்பத்தாரிடம் இதைச் சொல்லி, "என்ன செய்யலாம்?" என்று கேட்பதுதான் யோக்கியமான வைத்தியமாகும். "ஆண்டவன் விட்ட வழி" என்பது வழியும் அல்ல, யோக்கியமும் அல்ல.

இதுவரை சொன்னது முதல் சில நாட்களின் கதை. இனிச் சொல்லுவது பிழைத்து வீட்டுக்கு வந்தவர்களின் கதை. நமது குடும்பங்களை அதிகமாகத் தொடுவது இதுதான்.

வீக்கம் வடிந்து, தையல் பிரித்து, மாலை போட்டு அழைத்து வருகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பழைய ஆளாக இருப்பதில்லை. தொட்டதற்கெல்லாம் கோபம். சொன்னது மறந்துபோகின்றது. தூக்கமில்லை, அல்லது பகலெல்லாம் தூக்கம். செய்துவந்த தொழிலில் கை ஓடுவதில்லை. வெளிக்காயமோ ஆறிவிட்டது. ஆகவே ஊரார், "நன்றாகத்தான் இருக்கிறான், வேலை செய்யச் சோம்பல்" என்கிறார்கள். மனைவியின் ஜாதகம் சரியில்லை என்கிறார்கள். கடைசியாகப் பேய் பிடித்திருக்கின்றது என்று கொண்டுபோய், ஏற்கெனவே அடிபட்ட தலையின்மேல் வேப்பிலையாலும் பிரம்பாலும் அடிக்கிறார்கள். இதைவிடக் கொடுமை வேறு என்ன வேண்டும்?

அந்தப் பேய் எங்கே இருக்கின்றது என்று பார்த்தவர்களும் இருக்கிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியார், மைக்ரோக்ளியா கிளர்ந்திருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளக்கூடிய ஒரு பொருளை உடம்பில் செலுத்தி, ஒருவகை ஸ்கேன் இயந்திரத்தால் படம் எடுத்து, 2011ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். அடிபட்டுப் பதினோரு மாதம் முதல் 17 வருஷம் வரை ஆனவர்கள் 10 பேர். அத்தனை காலத்துக்குப் பிறகும் அவர்கள் மூளையில் அந்தக் காவல் அணுக்கள் அடங்கவில்லை. அதுவும் அடிபட்ட இடத்தில் அல்ல. தலாமஸ் என்று மூளையின் நடுவில், பல நரம்புகளும் வந்து கூடுகின்ற சந்திபோல் உள்ள பாகத்தில் அதிகமாக இருந்தது. அங்கே யாருக்கு அதிகமோ அவர்களுக்கு அறிவு அதிகமாகத் தடுமாறியிருந்தது. இதுமாத்திரமல்ல. கிளாஸ்கோவில், தலைக்காயம்பட்டுப் பல காலம் வாழ்ந்து செத்தவர்களின் மூளைகளை வெட்டிச் சோதித்து 2013ம் வருஷத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு தடவை அடிபட்டு, ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தவர்களில் நூற்றுக்கு 28 பேரிடம் இந்த அழற்சி தணியாமல் இருந்தது. 18 வருஷம் ஆன ஒருவரிடமும் இருந்தது. மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கின்ற நரம்புப் பாலம் மெலிந்துபோயிருந்தது. ஆகவே பேய் என்று நாம் அடித்தது என்ன? அணையாத ஒரு நெருப்பு. குணம் கெட்டவன் என்று நாம் வைதது யாரை? ஒரு நோயாளியை.

அப்படியானால் அந்தக் காவல் அணுக்களை அடக்கிவிட்டால் தீர்ந்ததல்லவா என்று கேட்கத் தோன்றும். அவசரப்படக் கூடாது. மினோசைக்ளின் என்னும் மருந்துக்கு அவற்றை அடக்கும் சக்தி உண்டு. அடிபட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆன 15 பேரை வைத்து, அவர்களில் 10 பேருக்கு 12 வாரம் அதைக் கொடுத்துப் பார்த்து 2018ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். படத்தில் அழற்சி குறைந்திருந்தது. ஆனால் நரம்பிழைகள் சிதையும்போது இரத்தத்தில் வந்து சேருகின்ற ஒரு பொருள் கூடிவிட்டது! அதாவது, கெடுதி செய்கின்றவை என்று நாம் நினைத்த அணுக்களே ஏதோ நன்மையையும் செய்துகொண்டிருந்திருக்கக் கூடும். ஆட்கள் சொற்பம். ஆனபடியால் இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் ஒன்று விளங்குகின்றது. அழற்சி என்பது அசுரனும் அல்ல, தேவனும் அல்ல. எந்த நாளில், எந்த இடத்தில், எந்த அளவில் என்பதைப் பொறுத்து அது செப்பனிடும், அல்லது சிதைக்கும். அந்த அளவையும் காலத்தையும் கண்டுபிடிப்பதற்காகத்தான் இன்னும் ஆராய்ச்சி வேண்டும் என்கிறோம்.

இனி நாம் செய்ய வேண்டிய காரியம் என்ன? இந்தியாவில் 2022ம் வருஷத்தில் மாத்திரம் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் செத்தார்கள் என்று சர்க்கார் கணக்கே சொல்லுகின்றது. அவர்களில் 50,029 பேர் ஹெல்மெட் போடாதவர்கள். எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டிக்குப் பூஜை போட மறக்காதவன் தலையை மூட மறந்தான் என்றால், அதை எந்த பிரம்மாவின் தலையில் கட்டுவது?

அன்றியும், அடிபட்டவன் எழுந்து பேசினான், நடந்தான் என்பதற்காக அவனைத் தூங்கப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கத்துக் கை கால் தளர்வது, ஒரு கண்ணின் பாவை மாத்திரம் பெரிதாவது, மூக்கிலோ காதிலோ நீர் ஒழுகுவது, இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நினைவில்லாதவன் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைச் சர்க்கார் செலவில் செய்கின்ற திட்டம் தமிழ்நாட்டில் 2021ம் வருஷம் டிசம்பரில் ஏற்பட்டது. அது மிகவும் நல்ல காரியம். ஆனால் நாம் மேலே காட்டியபடி, தலைக்காயம் 48 மணியில் முடிகின்ற சங்கதி அல்லவே! பிழைத்தவனை ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்துக் கூப்பிட்டு, நினைவு எப்படி, தூக்கம் எப்படி, தொழில் எப்படி என்று பார்க்க ஒரு ஏற்பாடு வேண்டாமா? ஜில்லாவுக்கு ஒரு ஆஸ்பத்திரியிலாவது அதற்கென்று ஒரு நாளும், ஒரு வைத்தியரும், பேச்சும் தொழிலும் மறுபடி பழக்கிவிட ஆட்களும் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். மடத்துக்கும் தேருக்கும் கேட்காமலே கொடுக்கின்ற ஜனங்கள், இதைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. கிளாஸ்கோவில் அந்த உண்மை எப்படிக் கிடைத்தது? செத்தவர்களின் மூளை சாம்பலாகாமல் ஆராய்ச்சிக்கு மிஞ்சியதனாலேயே கிடைத்தது. அவை இல்லாதிருந்தால், 18 வருஷம் கழித்தும் அழற்சி இருக்கின்றது என்பது கண்ணால் கண்ட உண்மையாக ஆகியிருக்காது. நமக்குச் சமீபத்திலும் பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையத்தில் 1995ம் வருஷம் முதல் மனித மூளை வங்கி என்று ஒன்று இருந்துவருகின்றது. ஆனால் நமது மக்களோ, உடம்பு முழுசாக எரியாவிட்டால் ஆத்மா அலையும், மேலோகத்துக்குப் போகும்போது குறைபடும் என்று பயப்படுகிறார்கள். எரித்துச் சாம்பலாக்கி ஆற்றில் கரைத்தால் குறைபடாத ஆத்மா, ஒரு புட்டியில் இருந்து பத்துப் பேருக்குப் பிரயோஜனப்பட்டால் குறைபட்டுவிடுமா? கல்யாணத்தில் புரோகிதனை விட்டவர்கள், சாதிப்பட்டத்தை விட்டவர்கள், சாவிலும் இந்தப் பயத்தை விட வேண்டாமா? நமது தோழர்கள் ஒவ்வொருவரும், உயிரோடும் புத்தியோடும் இருக்கும்போதே, "நான் செத்த பிறகு என் உடம்பும் மூளையும் ஆராய்ச்சிக்கு" என்று வீட்டாரிடம் சொல்லி எழுதியும் வைக்க வேண்டும். பதினாறாம் நாள் செய்கின்ற காரியத்தால் இதுவரை ஒரு மண்டையும் ஆறியதில்லை. இந்தக் காரியத்தால் ஆறும்.

ஆகவே, தலைமேல் எழுதியிருக்கின்றது என்று சொல்லிக்கொண்டிருந்தது போதும். தலைக்குள் என்ன நடக்கின்றது என்று பார்க்கின்ற காலம் வந்திருக்கின்றது. இன்னும் முழு மருந்து கிடைக்கவில்லை என்பது உண்மையே. தேடுகின்றவனுக்குத்தான் கிடைக்கும் என்பதும் உண்மையே. அடிபட்டு ஒருவன் அடுத்த தடவை நம் தெருவில் விழும்போது, "விதி" என்று சொல்ல வாயைத் திறக்காமல், வண்டி கொண்டுவரக் காலை எடுத்து வைப்பார்களானால், அதுவே இப்போதைக்குப் போதுமானதாகும்.